மச்சுப் பலகையின் பழுப்புத் தூள்

1934 ஜூன் 26, செவ்வாய்

விடிந்ததிலிருந்தே மேல்காற்று. ஆஸ்பத்திரி ஜன்னல்கள் யாவும் அடைப்பு. அனுமந்தன்பட்டியில் பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் மச்சில் அகப்பட்ட ஆண் பிணம் வண்டியில் வந்தது. கருவாடாகக் காய்ந்தது. மேலே கோடித்துணி. சாம்பிராணி வாசனை வேறு!

கூட வந்த தலையாரியைக் கேட்டேன்.

"மேலெல்லாம் ஒரே தூசிங்கய்யா. அநாதைப் பொணம்னாலும் மருவாதையா அனுப்பணும்ல? தொடச்சு, பொகை காட்டிக் கட்டுனோம்."

எனக்கு வேண்டியதே அந்தத் தூசி. துடைக்கலாகாது, புகைக்கலாகாது என்று ஸ்டேஷனுக்கு எத்தனை முறை எழுதுவது? மரியாதையாம்!

கிட்டங்கிக் காவல்காரன் மாயாண்டி கொலைக் கேஸில் லாக்கப்பில். தை மாதம் வேலைக்குச் சேர்ந்தவன். அதற்கு முன் சாவி முதலாளியிடம் மட்டும். ஆகவே கேள்வி ஒன்றே: சாவு தைக்கு முன்பா, பின்பா? பின்பு என்றால் அவனுக்குத் தூக்கு.

27, புதன்

காற்று அடங்கவில்லை. சைக்கிளைப் பாதி வழி தள்ளிக்கொண்டு போனேன். பிணம் கிடந்த பலகை இடுக்கில் பழுப்புத் தூள் மிச்சம். காகிதத்தில் மடித்துக்கொண்டேன் (அ). மச்சின் மறுகோடியிலிருந்தும் ஒரு சிட்டிகை (ஆ). ஒப்பிடாமல் எழுதுவது முறையன்று.

முதலாளி, வெற்றிலை வாயோடு: "டாக்டரே, குப்பை அள்ளணும்னா சொல்லி விட்டிருக்கலாம்ல? ஆள் அனுப்பியிருப்பேன்."

கணக்குப்பிள்ளை சிரித்தான். பொட்டலங்களின் மேல் அ, ஆ என்று குறித்துக்கொண்டு கிளம்பினேன்.

மாலை, மைக்ராஸ்கோப்பில்:

ஆ — பஞ்சிழை, மண், பருத்திக்கொட்டையில் மொய்க்கும் பொடிப்பூச்சியான செள்ளு நாலைந்து. வெளிறியவை, நீள மயிர்.

அ — செள்ளுதான், ஆனால் வேறு இனம். மயிர் குட்டை, கால் தடிப்பு. ஆறு கால் குஞ்சு, எட்டுக் கால் முதிர்ந்தது, எல்லாம் செத்தவை. மற்றதெல்லாம் அவை உரித்த தோல். தூள் என்பதே தோல்தான்.

பிணம் நன்கு காய்ந்த பிறகே குடியேறும் இனம். தலைமுறை தலைமுறையாகப் பெருகி, இரை தீர்ந்து மடிந்திருக்கிறது. தையிலிருந்து ஆனிக்குள் நடக்கிற காரியமா இது?

29, வெள்ளி

காப்பி ஆறிப்போயிற்று. சப்இன்ஸ்பெக்டர் வருகை.

"நாலஞ்சு மாசம்னு எழுதிக் குடுங்க சார், சோலி முடிஞ்சுரும். செள்ளுப்பூச்சியவா கூண்டுல ஏத்தப் போறீக?"

"ஏற்றலாம். அதற்கு முதலாளி யாரென்று தெரியாது."

முகம் சிவந்தார். 'ஓராண்டுக்குக் குறையாது' என்றெழுதிக் கையெழுத்திட்டேன். பேனா முனை வளைந்தது.

வாசலில் மாயாண்டியின் மனைவி. "கோழி அறுக்கயிலயே கண்ண மூடிக்கிருவாக, சாமி. அவுகளப் போயி…" அழவில்லை.

ஜூலை 4, புதன்

தூறல். மாயாண்டியை விட்டுவிட்டார்கள். மனைவியோடு வந்தான், ஒரு சீப்பு வாழைப்பழத்துடன். வாங்கலாகாது, வாங்கவில்லை.

முதலாளியை விசாரித்தார்களா? இல்லையாம். மச்சைக் கழுவாமல் பூட்டி வைக்க எழுதியிருந்தேனே, அதையாவது செய்தார்களா?

"பூட்டலைங்கய்யா. முந்தாநேத்து வெளிய வந்ததும் மொதலாளி கூப்பிட்டு விட்டாக. வேலைய விட்டுட்டு எங்கன போறது? மச்சு பூராவும் தேச்சுக் கழுவி, வெள்ளை அடிச்சாச்சு."

"யார் அடித்தது?"

"நாந்தேன்."