மேடையில் இரண்டாவது நாற்காலி

1986 அக். 14, செவ்வாய்

நியூஜெர்சியின் தலைநகர் டிரெண்டனில் தூறல். சட்டமன்ற உறுப்பினர் ஹாரி லோவெல் எங்கள் சங்கத்தின் தீபாவளி விழாவுக்கு வருகிறார். ஆதாரம்: அவரே. சட்டமன்றத் தாழ்வாரம், காலை 9.40. கூட வால்டரும் வருவாராம்.

ஹாரியின் கோட்டுப் பையில் எங்கள் அழைப்பிதழ். 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஹாரி லோவெல்'. சங்க வழக்கம் அப்படி: சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, மனைவிக்குப் பட்டுப்புடவை, மேடையில் இரண்டு நாற்காலி. மனைவி உண்டா என்று யாரும் விசாரிப்பதில்லை.

வால்டர் அதைப் பார்த்துச் சொன்னாராம்: "பதினோரு வருஷத்தில் நம்மைத் தம்பதி என்று அச்சடித்த முதல் ஆட்கள் இவர்கள்தான்." சொல்லிவிட்டு ஹாரி கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அவர்களுக்குத் தெரியாது, ஹாரி."

சிரிப்பு நின்றது. "நீ பேப்பரில் எழுதினாயே, ராஜன்."

எழுதினேன். ஐந்து ஆண்டுக்கு முன், அவருடைய முதல் தேர்தல். எல்லா வேட்பாளரிடமும் கேட்கும் கேள்வி: மனைவி பெயர்? "வால்டர்." என்ன வேலை? "பள்ளியில் இசை ஆசிரியர்." குறித்துக்கொண்டேன், அச்சேறியது. ஜெயித்தார். மூன்று முறை.

வாங்க: பால், டைப்ரைட்டர் ரிப்பன்.

அக். 15, புதன்

வெயில். சங்கத் தலைவர் டாக்டர் சுந்தரம் வீடு. விஷயத்தைச் சொன்னேன். டீ ஆறிப்போயிற்று.

"ஏன் சார் முன்னாடியே சொல்லல?"

"பேப்பர்ல எழுதினேனே டாக்டர்."

"உங்க பேப்பரை எவன் சார் படிக்கிறான்? நான் கூப்பன் மட்டும்தான் கட் பண்றேன்."

சமையலறையிலிருந்து அவர் மனைவி கமலா: "நான் அப்பவே படிச்சேன். நீங்க கேக்கல, நான் சொல்லல."

டாக்டர் நல்ல மனிதர். லைசென்ஸ் கிடைக்காமல் தவித்தவர். வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கான மசோதாவைக் கொண்டுவந்தது ஹாரி. "அவர் இல்லன்னா நான் இன்னும் லேப்ல டியூப் கழுவிட்டு இருப்பேன். மரியாதை இல்லாம இல்ல சார். ஆனா ஸ்டேஜ்ல வேணாம். அவரோட ஃபிரெண்ட் கீழ ஆடியன்ஸ்ல உக்காரட்டும்."

அக். 16, வியாழன்

ஹாரியிடம் போனில். கோபமில்லை. "அப்படியானால் நானும் கீழேதான், வால்டர் பக்கத்தில். பேசச் சொன்னால் அங்கேயே எழுந்து பேசுகிறேன்."

போனை வைக்கும் முன்: "அவன் புது டை வாங்கிவிட்டான்."

மதியம் முழுக்க ஒரு வரிகூட எழுத ஓடவில்லை. இடது முழங்கால் வலி.

அக். 17, வெள்ளி

மழை. மாலை செயற்குழு, டாக்டர் வீட்டு பேஸ்மென்ட். என்னையும் சேர்த்து ஏழு பேர், ஒரே விஷயம்: நாற்காலி ஒன்றா, இரண்டா.

"பசங்க கேட்டா என்ன சொல்றது?"

"உன் பையன் டிவில பாக்காததா? சும்மா இருப்பா."

மூன்றுக்கு மூன்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எப்போதும் நடுநிலை. யாரைப் பற்றிச் செய்தி எழுதுகிறேனோ, அவருக்காகக் கை தூக்குவதில்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

தூக்கினேன். இரண்டு நாற்காலி.

டாக்டர் பெருமூச்சு. "சரி, மெஜாரிட்டின்னா மெஜாரிட்டிதான். அப்ப அந்தப் புடவை?"

"அதை எனக்குக் குடுங்க," என்றார் டீ கொண்டுவந்த கமலா. "அந்த வால்டருக்கு எட்டு முழ வேட்டி வாங்குங்க. போட்டோல பாத்தேன், ஆள் உயரம்."

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கட்டி விடறது யாரு? ராஜன் சாரா?"

அங்கிருந்தே ஹாரிக்குப் போன். வால்டர்தான் எடுத்தார். "இரண்டு" என்றேன். அவர் பியானோவை மூடும் சத்தம். பிறகு, "நன்றி, ராஜன்."

திரும்பும் வழியில் அலுவலகம். எடிட்டரிடம் உள்ளதைச் சொன்னேன்: ஹாரிக்காக வாக்களித்துவிட்டேன், இனி அவரைப் பற்றி நான் எழுதுவது முறையில்லை. "அடுத்த வருஷம் தேர்தல். அவரை உன்னளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்?" என்றார். தெரியும் என்பதுதான் சிக்கல் என்றேன்.

ஹாரிக்கு இது இன்னும் தெரியாது. சட்டமன்றச் செய்தி இனி யாருக்கு என்று எடிட்டர் சொல்வது திங்கள், காலை பத்து மணி.