எனக்கு மார்க் போட ஓர் ஆள்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

கிடங்கு மேற்பார்வைக்கான இலவச இணைய வகுப்பில் நாற்பதாயிரம் பேரோடு சேர்ந்தேன். கடைசிப் பாடத்தில் மூன்று பேர் மிஞ்சியிருக்கிறோம். வாத்தியார் வீடியோவில் மட்டும் இருப்பவர், திருத்த வரமாட்டார். ஒருவர் கட்டுரைக்குச் சக மாணவர்கள் மூன்று பேர் மார்க் போட வேண்டுமாம். எனக்கு ஒருவர் குறைகிறார். சான்றிதழ் வந்தால்தான் மேற்பார்வையாளர் வேலை. அந்த வேலைக்குத்தான் குடும்ப விசா.

"பேசாம உங்க வீட்டம்மாகிட்டயே மார்க் வாங்குய்யா" என்று அறைத்தோழர் கிண்டலடித்தார். எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது.

நீயும் இன்றே சேர்ந்துவிடு. பன்னிரண்டு பாடங்களையும் முடித்தால்தான் திருத்த விடுவார்கள். சந்தேகம் வந்தால் உடனே என்னைக் கூப்பிடு. சந்தேகம் தினமும் வரட்டும்.

ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது.

உன் வகுப்புத் தோழன்