வக்கீலம்மா விட்டுக்கொடுத்த முக்கால் மணி

என் ராசாத்திக்கு,

உன் விசா விஷயமாக இன்று வக்கீலம்மாவைப் பார்த்தேன். கால்மணி நேரத்துக்கு இவ்வளவு என்று வாங்குபவர். அதனால் கேள்விகளைச் சீட்டில் எழுதிக்கொண்டு போய், நலம்கூட விசாரிக்காமல் உட்கார்ந்தேன்.

“கல்யாணம் நிஜம்னு காட்டணும். அவங்களப் பத்திச் சொல்லுங்க” என்றார்.

அவ்வளவுதான். நீ தூக்கத்தில் என்னைத் திட்டுவது வரை சொல்லிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் ஒரு மணி நேரம் ஓடியிருந்தது. சீட்டு சட்டைப் பையிலேயே இருந்தது.

பில்லில் ஒரே ஒரு கால்மணிதான் போட்டிருந்தார்.

“மிச்சம் முக்கால் மணி?”

“அது கேஸுக்காகப் பேசினது இல்ல. பேச ஆளில்லாமப் பேசினது.”

அந்த அம்மா சொல்வதையெல்லாம் நம்பாதே. நான் இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன்.

தூக்கத்திலாவது திட்டு வாங்கக் காத்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்