கைப்பிடியோ, பட்டனோ?

மச்சான்,

இன்று காலை மகன் தன் போனில் இரண்டு மீன்பிடிக் கருவிகளின் படங்களைக் காட்டினான். ஒவ்வொன்றுக்கும் கீழே தமிழில் எழுதியிருந்தான். ஒன்றில் ‘கையால் சுற்றுவது’. மற்றதில் ‘மின்சாரத்தில் சுற்றுவது’. நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஓம், நானேதான்! இந்த வயதில் படிக்கப் போனேன் என்று கேட்டால் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். சிரி. இந்த மடலையும் நானே மெதுமெதுவாக எழுதுகிறேன்.

“எதை எடுப்பம் அப்பா? நீங்கள்தானே இயக்கப் போறியள்” என்று மகன் கேட்டான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே கேள்விக்காக நாங்கள் இருவரும் பள்ளிமுனைக் கரையே திரும்பிப் பார்க்கச் சண்டை பிடித்தோமே!

அது போரால் இடம்பெயர்ந்து, மீள்குடியேறி வந்த புதிது. என்னிடம் ஒரு படகு இருந்தது. உன் இடது கை செல்லடியில் போயிருந்தது. வெயில் ஏறியதும் அறுக்குளா மீன் ஆழத்துக்குப் போய்விடும்; எங்கள் தூண்டில்கள் மேலே சும்மா ஓடும். கனடாவில் இருந்த என் தம்பி அதற்கு ஒரு கருவி சொன்னான். படகின் ஓரத்தில் பூட்டும் உருளை. அதில் சுற்றிய கம்பியில் ஈயக்குண்டு. தூண்டில் நூலை அந்தக் கம்பியில் உள்ள ஒரு கவ்வியில் மாட்டி இறக்கினால், ஓடும் படகிலிருந்தே இரை ஆழத்தில் போகும். மீன் கொத்தியதும் அந்தக் கவ்வி நூலை விட்டுவிடும்.

“மின்சாரத்திலயே அனுப்புறன் அண்ணை. ஒற்றைக் கை மனுசனுக்குப் பட்டன்தான் சுகம்” என்றான் தம்பி.

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. நீ போனைப் பறித்தாய்.

“பட்டன் அமத்த நான் என்னத்துக்கடா? ஒரு கோழியைக் கட்டி வைச்சாலும் அமத்தும்!”

“கோபிக்காதை மச்சான், உனக்காகத்தானே சொல்லுறம்” என்றேன்.

“எனக்காகவோ? பிடிக்கிற மீனில படகுக்கு ஒரு பங்கு குடுக்கிறியள். எஞ்சினுக்கு ஒரு பங்கு. நாளைக்கு மோட்டர் சுத்தினா அதுக்கும் பங்கு எண்டுவியள். பிறகு எனக்கு என்ன, கறிக்கு ரெண்டு மீனோ?”

கரையில் அப்படிப் பேச்சு அடிபட்டதும் உண்மைதான். ஒற்றைக் கைக்கு எதற்கு முழுப் பங்கு என்று சிலர் கேட்டார்கள். உனக்கு வேண்டியது சுகமல்ல, படகில் முழு ஆளாக ஓர் இடம்.

அடுத்த நாளே நீ ஒரு பழைய சைக்கிள் சில்லைக் கொண்டுவந்தாய். அதில் கைப்பிடி வைத்துப் படகில் பூட்டினாய். ஈயக்குண்டுக்கு எங்கே போவது? என் வீட்டு அம்மிக்குழவியைக் கயிற்றில் கட்டினாய்! நாங்கள் படகைத் தள்ளும்போது என் மனைவி கரையில் நின்று கத்தினாள்.

“அண்ணை, குழவியைக் கடல்ல போட்டிட்டு வந்தா, நீங்கள்தான் இருந்து அரைக்கோணும்!”

“அரைக்கிறன் தங்கச்சி, மீன் கொண்டு வாறன், அதோட சேர்த்து அரைக்கிறன்!”

சில்லை முழங்காலால் அணைத்துக் குழவியை இறக்கினாய். வெயிலைப் பார்த்தாய், தண்ணீரின் நிறத்தைப் பார்த்தாய். “இன்னும் கொஞ்சம்” என்றாய். “காணும், இவ்வளவு ஆழம் போதும். மெதுவா ஓட்டு.” சற்று நேரத்தில் நூல் விண்ணென்று இழுபட்டது. நான் அறுக்குளாவோடு மல்லுக்கட்ட, நீ ஒற்றைக் கையால் குழவியைச் சுற்றி ஏற்றினாய். உன் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. நீ பாடினாயோ, ஏசினாயோ, எனக்கு விளங்கவில்லை.

தம்பி கையால் சுற்றுவதையே அனுப்பினான். நீ கண் மூடும் வரைக்கும் உன் பங்கில் ஒருவரும் கை வைக்கவில்லை.

இப்போது என் முறை. மகன் என்னை மறுபடியும் தன் படகில் கடலுக்குக் கூப்பிடுகிறான், மச்சான்! இரவெல்லாம் நித்திரை இல்லை. நான் எதைக் கேட்டேன் தெரியுமோ? மின்சாரத்தை! ஏசாதே, கேள். பக்கத்துப் படகில் ஒன்று இருக்கிறது, நேற்றுப் போய் அமத்திப் பார்த்தேன். குண்டு தானே ஏறி வந்து, தண்ணீர் மட்டத்தில் தானே நிற்கிறது! சின்னப் பிள்ளை மாதிரி நாலைந்து தரம் ஏற்றி இறக்கினேன். அந்தக் காலத்தில் எங்கள் எஞ்சின் கயிறு இழுத்துக் கிளப்புவது; பற்றரியே இல்லை. மகனுடையது பற்றரிக்குத் தானே சார்ஜ் ஏற்றுகிறது. என் தோளும் இப்போது கைப்பிடி சுற்றாது.

“சரி அப்பா, மின்சாரத்தையே எடுப்பம். உங்களுக்குப் பங்கு எப்பிடி?” என்று மகன் பகிடியாகக் கேட்டான்.

“முழுப் பங்கு” என்றேன்.

“பட்டன் அமத்துறதுக்கோ?”

“ஆழம் ஆரடா சொல்லுறது? மோட்டரோ?”

அவன் சிரித்தான், பிறகு யோசித்தான், பிறகு தலையாட்டினான்.

அன்று நீ கைப்பிடிக்காகச் சண்டை பிடித்தாய். ஆனால் மீனைப் பிடித்தது கைப்பிடி அல்ல, மச்சான். வெயிலையும் தண்ணீரையும் பார்த்து நீ “காணும்” என்றாயே, அதுதான். பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்து அது எனக்குள்ளும் வந்துவிட்டது. கருவி வந்ததும் கடலுக்குப் போகிறோம். மோட்டர் சுற்றட்டும். எங்கே நிறுத்துவதென்று நான் சொல்வேன்.