மண்ணைத் தொடாத ஒயர்

மார்ச் 4

ஒரு வீட்டில் சொட்டுகிற குழாய், இன்னொன்றில் அடைப்பு. இடுப்பு விட்டுப்போயிற்று. வழியில் டீச்சர் நிறுத்தி, நான் அவர் வீட்டுக் குழாயை மாற்றியதிலிருந்து தண்ணீர் பிய்த்துக்கொண்டு வருகிறது என்றார். அப்புறம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 9

டீச்சருக்குக் குளியலறையில் ஷாக். ஹீட்டரைப் போட்டுவிட்டுக் குழாயைத் திறந்திருக்கிறார். தூக்கி எறிந்ததில் தலை சுவரில் மோதி, ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். அந்த வீட்டுக்கு ஒயரிங் செய்தவர் என் மனைவியின் அண்ணன். தெருவே மச்சானைக் கரித்துக்கொட்டுகிறது.

மார்ச் 10

மச்சான் வந்தார். தட்டைத் தொடவில்லை. "எர்த் ஒழுங்காத்தான் குடுத்தேன் மாப்ள. மண்ணுக்குள்ள போற இரும்புக் குழாயில, என் கையாலயே முறுக்கினேன்."

நான் தலையாட்டினேன்.

மார்ச் 11

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

ஜனவரியில் அந்த இரும்பை வெட்டி எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் போட்டது நான். அதில் பச்சை ஒயர் ஒன்று கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தது. கோளாறு வந்தால் கரண்ட் அதன் வழியாகத்தான் மண்ணுக்குள் இறங்க வேண்டும். எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். மச்சானைக் கூப்பிட்டு வேறு எர்த் போடச் சொல்லியிருக்க வேண்டும். அந்த வாரம் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை – என்ன சண்டை என்றுகூட இப்போது ஞாபகமில்லை. நான் போய் அவரிடம் நிற்பதா என்ற வீம்பு. வீட்டுக்குள் மிச்சமிருந்த இரும்புத் துண்டில் ஒயரை மாட்டிவிட்டு வந்துவிட்டேன். பார்க்க லட்சணமாக இருந்தது. ஹீட்டரில் கசிந்த கரண்ட், மண்ணுக்குப் போக வழியில்லாமல் குழாய்களில் நின்றிருக்கிறது.

மார்ச் 12

சொல்லவில்லை.

மார்ச் 13

டீச்சர் கண் திறந்தாராம். இடது கை அசையவில்லை. மச்சானின் லைசென்ஸைப் பிடுங்கப் போகிறார்கள் என்று இவள் அழுகிறாள். எனக்கு வேறு பயம். அதே தெருவில் இன்னும் ஐந்து வீட்டுக் குழாயை மாற்றியிருக்கிறேனே. அங்கெல்லாம் பச்சை ஒயர் இருந்துச்சா? ஞாபகம் வரமாட்டேங்குதே. யோசிடா, பாவி.

மார்ச் 14

சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்க்காமல் கருவிப் பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். பின்னாலேயே போனேன்.

நான்காவது வீட்டில் சமையலறைக் குழாயில் வைத்ததும் டெஸ்டர் எரிந்தது. அந்த வீட்டுப் பெண் நிறைமாதம். "நாலு நாளா குழாய் சுருக்குனு கடிக்குதுண்ணா. சொன்னா, உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்னு சிரிக்கிறாங்க" என்றாள்.

நாலு நாள். நான் வாயைத் திறக்காமல் இருந்த அதே நாலு நாள்.

மச்சான் மெயினை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு வாசலில் இருவரும் குழி தோண்டிப் புது எர்த் இறக்கினோம். குழியை மூடியதும் பையை எடுத்துக்கொண்டு ஐந்தாவது வீட்டுக்கு நடந்தார்.

மார்ச் 16

விசாரணைக்கு வந்த மின்வாரிய இன்ஜினியரிடம் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. டீச்சர் முழுவதும் கேட்டார். இடது கையை வலது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"மத்த வீடெல்லாம் பாத்தாச்சா?"

பார்த்துவிட்டோம் என்றேன். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.