விசிறி எந்தப் பக்கம் சுற்றுகிறது

அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் நலம் என்று எழுத வேண்டுமாம், இந்த வயதில் எனக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் டீச்சர் சொல்லிக்கொடுத்தார். பாதி நலம் என்று வைத்துக்கொள், மீதிப் பாதியைத்தான் எழுத வந்திருக்கிறேன். என் எழுத்தைப் பார்த்துக் கோபித்துக்கொள்ளாதே. கோடு போட்ட தாள்தான், ஆனாலும் வரிகள் படி ஏறி இறங்குகின்றன, சில எழுத்து பூசணிக்காய் மாதிரி பெருத்தும் சில எழுத்து எறும்பு மாதிரி சிறுத்தும் இருக்கிறது. ஒரு பக்கம் முடிக்க ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. ஆனால் இதில் ஒரு பெரிய சுகம் கண்டுபிடித்திருக்கிறேன். போனில் என்றால் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "சரிப்பா, சரிப்பா, நான் பாத்துக்கறேன்" என்று நடுவில் புகுந்துவிடுவாய். இதில் புக முடியாது பார். நான் முடிக்கும் வரை நீ கேட்டுத்தான் தீர வேண்டும். இன்றைக்கு நான் உன் மேல் நல்ல கோபத்தில் இருக்கிறேன், அதற்கு இது ரொம்ப வசதி.

முதலில் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். போன திங்கட்கிழமை உன் அம்மா ரத்தம் சுத்தம் செய்துகொள்ளப் போகவில்லை. வாரத்தில் மூன்று நாள் போக வேண்டியவள் ஒரு நாளை விட்டுவிட்டாள். "அவன்கிட்ட சொல்லிடாதீங்க, அங்க ஒக்காந்துகிட்டு அவன் என்ன செய்வான்" என்று என் வாயை அடைத்துவிட்டாள். போன் எப்போதும் அவள் காதில் இருக்கிறது, நான் எப்படிச் சொல்வது. அதனால்தான் எழுதுகிறேன். காரணம் உடம்பு இல்லை, நம் வண்டியின் ஏசி. அதற்கு முந்தைய சனிக்கிழமை பாலத்து நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்றோம். ஏசியிலிருந்து வந்தது வாய்க்காற்று மாதிரி வெதுவெதுப்பு. கண்ணாடியை இறக்கினால் பக்கத்து லாரியின் புகை. அவளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் பாட்டிலில் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறாரே, அன்றைய கோட்டை அவள் பாலத்திலேயே தாண்டிவிட்டாள். பிறகு காலி பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது கால் மடிந்துவிட்டது, நானும் காவலாளியும் தூக்கிக்கொண்டு போனோம். திங்கட்கிழமை காலையில் நான் சாவியை எடுத்தால், "போற வழியில உயிர் போறதுக்கு வீட்டுலயே இருந்துக்கறேன், வைங்க சாவியை" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கெஞ்சினேன், திட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலத்துக்குள் இரண்டு காலும் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தே கண் மூடினாள். வாடகை வண்டி பிடித்துப் போங்கள் என்று நீ சுலபமாகச் சொல்வாய். வாசலில் இறக்கிவிட்டு அவன் போய்விடுவான், நாலு மணி நேரம் கழித்துத் துவண்டு வருகிறவளை நம் வண்டியில் சீட்டைச் சாய்த்துப் படுக்க வைத்துக் கூட்டி வருகிறேனே, அதை அவன் செய்வானா.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். ஏசி சரியில்லை என்று நான் உனக்குச் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. நீ என்ன செய்தாய், அங்கே இருந்தபடியே நம் முனைக்கடை மெக்கானிக்குக்குப் போன் போட்டாய். வாயில் எப்போதும் பல் குச்சியோடு திரிவானே, அவன்தான். நீயும் பல் குச்சியும் பேசிக்கொண்டீர்கள், என்னிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி கடைக்குப் போகும், வரும். என்னப்பா செய்தாய் என்று கேட்டால், "கேஸ் அடிச்சிருக்கேன் பெரியவரே, ஜில்லுன்னு இருக்கும் பாருங்க" என்பான். இருக்காது. மறுபடி போகும், மறுபடி கேஸ். கடைசியில் உன்னிடம் கம்ப்ரசர் போச்சு, பழைய வண்டி, இதற்கு மேல் செலவு செய்வது வீண் என்று சொல்லியிருக்கிறான், நீயும் விற்றுவிடலாம் என்று ஆள் பார்க்கச் சொல்லிவிட்டாய். வண்டி என் வீட்டு வாசலில் நிற்கிறது, ஓட்டுகிறவன் நான், உட்கார்ந்து போகிறவள் உன் அம்மா, விலை பேசுகிறவர்கள் நீங்கள் இரண்டு பேர். நன்றாக இருக்கிறதடா நியாயம்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் நானே இறங்கிவிட்டேன். முதலில் காற்று குறைவா, குளிர் குறைவா என்று பார்த்தேன். டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும் காற்று வடிகட்டியை உருவினேன், காய்ந்த இலையும் தூசியும் மெத்தை மாதிரி படிந்திருந்தது. தட்டிச் சுத்தம் செய்து போட்டதும் காற்று நன்றாக அடித்தது, ஆனால் சூட்டுக் காற்றுதான். பிறகு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். வேகமாகப் போகும்போது கொஞ்சம் குளிர்கிறது, சிக்னலில் நின்றால் சூடாகிவிடுகிறது. கம்ப்ரசர் செத்திருந்தால் ஓடும்போது மட்டும் எப்படிக் குளிரும் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. வீட்டுக்கு வந்து பல் குச்சி முதல் தடவை கொடுத்த பில்லை எடுத்து மேஜையில் விரித்தேன். முன்பானால் அதை மடித்து டப்பாவில் போட்டிருப்பேன். இப்போது விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். முதல் வரி கேஸ், அது தெரியும். இரண்டாவது வரி கூலி. மூன்றாவது வரியைப் படிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று, படித்ததும் எனக்குத் தலை சூடாகிவிட்டது. விசிறி மோட்டார் மாற்றியது என்று எழுதியிருக்கிறது. விசிறியை மாற்றினான் என்று எனக்கு யாரடா சொன்னீர்கள்?

நான் மாவு மில்லில் முப்பது வருஷம் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா. தூசி இழுக்கும் பெரிய விசிறிக்குக் காவல். மோட்டார் மாற்றியதும் ஒயரை இடம் மாற்றிக் கொடுத்துவிட்டால் விசிறி சுற்றத்தான் செய்யும், ஆனால் திருப்பிச் சுற்றும், வெளியே போக வேண்டிய தூசி முழுவதும் நம் முகத்துக்கு வரும். அதனால் புது மோட்டார் போட்டால் முதல் வேலை ஒரு தாளைக் காட்டிப் பார்ப்பது. ஓடிப்போய் என் கையெழுத்து நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்தேன். வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஓட விட்டு, ஏசியைப் போட்டு, முன்பக்கக் கம்பி வலையில் தாளைக் காட்டினேன். விசிறி உள்ளே இழுத்தால் தாள் வலையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். என் தாள் பறந்து போய் எதிர் வீட்டு வாசலில் விழுந்தது. இரண்டு மாதமாக அந்த விசிறி இன்ஜின் சூட்டை எல்லாம் வாரி, வலைக்குப் பின்னால் ஆற வேண்டிய ஏசித் தகட்டின் மேலேயே ஊதிக்கொண்டிருந்திருக்கிறது.

அப்படியே வண்டியை அவன் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். "விசிறி சுத்துதா இல்லையா பெரியவரே? சுத்துதுல்ல, அப்புறம் என்ன?" என்று கேட்டான். சுத்துதுய்யா, எந்தப் பக்கம் சுத்துதுன்னு நீ பாத்தியா என்று கேட்டேன். பல் குச்சி வாயின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போயிற்று. இன்னொரு தாளைக் கிழித்து அவன் கையிலேயே கொடுத்துக் காட்டச் சொன்னேன். தாள் அவன் முகத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. வேறு வண்டியின் மோட்டாராம், பிளக் பொருந்தவில்லையாம், ஒயரை வெட்டி முறுக்கிவிட்டானாம். "இதெல்லாம் சகஜம் பெரியவரே" என்றான் பார், அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. உனக்கு சகஜம், என் வீட்டுக்காரிக்கு மூச்சு முட்டுதுடா என்று தெருவே கேட்கக் கத்தினேன். மோட்டார் மாத்தினதை எங்கிட்ட ஏன் சொல்லலைன்னு கேட்டேன். அவன் சொன்ன பதிலை நன்றாகக் கேட்டுக்கொள். "உங்க பையன்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டேனே, அவர் உங்ககிட்ட சொல்லலையா?"

கத்திக்கொண்டிருந்த நான் அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். நீ அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே தாளைக் காட்டியிருப்பேன். அப்பாவிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாய். படிக்கத் தெரியாதவனுக்கு விசிறியும் தெரியாது என்று எவனடா உனக்குச் சொன்னது. அவன் ஒயரை மாற்றிக் கொடுத்தான், அளவுக்கு மேல் அடித்து வைத்திருந்த கேஸையும் அளந்து இறக்கினான், அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேர வேலைக்காக உன் அம்மா இரண்டு மாதம் வெந்தாள். நீ அனுப்பிய ஆள் வண்டியைப் பார்க்க வந்தான், தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

புதன்கிழமை அவளை எழுப்புவதற்கு நான் பட்ட பாடு எழுதினால் இன்னொரு நோட்டு வேண்டும். வண்டியை முன்கூட்டியே ஓட விட்டு, குளிர வைத்து, அவள் கையைப் பிடித்து உள்ளே விட்டுக் காட்டினேன். நம்பவில்லை. "வாசல்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கும், பாலத்துல பாக்கலாம்" என்று முறைத்துக்கொண்டே ஏறினாள். பாலத்தில் வழக்கம்போல நின்றது. நான் அவளைப் பார்க்கவில்லை, முன்னால் நிற்கும் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். "கொஞ்சம் கொறைங்க, கால் சில்லுன்னு ஆகுது" என்றாள். குறைக்கிறேன் என்று சொன்னேன், குறைக்கவில்லை. பாட்டிலில் பாதிக்கு மேல் தண்ணீர் அப்படியே இருந்தது. வாசலில் இறங்கித் தானே நடந்தாள். திரும்பி வரும்போது சீட்டைச் சாய்த்துப் படுத்தபடி, "சனிக்கெழம கொஞ்சம் சீக்கிரமா கெளம்புங்க, போன தடவ ஜன்னலோரக் கட்டில் கெடைக்கல" என்றாள். எனக்கு சிக்னல் பச்சை விழுந்தது தெரியவில்லை, பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

என் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. கடிதம் கிடைத்ததும் போன் செய், ஆனால் முதலில் என்னிடம் பேசு. அவள் ஒரு நாள் போகாதது உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே, என்னைப் பிய்த்துவிடுவாள். இனி இந்த வீட்டைப் பற்றி யார் உன்னிடம் எது சொன்னாலும் அன்றைக்கே எனக்குச் சொல்லிவிடு, சின்ன விஷயமா பெரிய விஷயமா என்று நானே பார்த்துக்கொள்கிறேன். நீயும் உன் குடும்பமும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், அதில் எனக்குக் கோபம் இல்லை. உன் வண்டியின் விசிறியையும் ஒரு தாளை வைத்துப் பார்த்துக்கொள். அடுத்த வாரம் மறுபடி எழுதுகிறேன். அதற்குள் கோபம் ஆறிவிட்டால் வேறு விஷயம் எழுதுகிறேன், ஆறாவிட்டால் இதையே எழுதுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா