ஒன்றுகூட வெளுக்கவில்லை

திங்கள், காலை 6:20

மூன்றாம் துளை நிலையம். பதிவு செய்பவர்: பெர்னதெத் இன்னாசி, ஒன்பதாம் வகுப்பு. நிலையப் பொறுப்பாளரான என் அப்பா வெளியே போயிருக்கிறார். அவர் திரும்பும்வரை பதிவு என் வேலை.

தொட்டி நீர் நான்கு டிகிரி. பாசித்தொட்டி (என் சாப்பாடு அதிலிருந்துதான்) சரி. பனி உறுமுவது வழக்கம்போல. தாய்மீன் நலம்.

இதை என்றாவது வேறு யாராவது எடுத்துப் படிக்கலாம் என்பதால் கொஞ்சம் விளக்கி எழுதுகிறேன். (பதிவேட்டில் கதை எழுதாதே என்று அப்பா சொல்வார்.) இந்தத் துணைக்கோளில் மண் கிடையாது. நாற்பது மீட்டர் பனி, அதற்குக் கீழே கடல். முதலில் வந்தவர்கள் பூமியிலிருந்து கொண்டுவந்த சால்மன் மீன்களைக் கடலில் விட்டார்கள். பனியில் துளையிட்டு அவற்றைத் தூண்டிலில் பிடித்துத்தான் குடியிருப்பில் முந்நூறு பேர் பிழைக்கிறோம். இப்போது மீன் அருகிவிட்டது. குஞ்சு பொரித்துக் கடலில் விடுவது எங்கள் நிலையத்தின் வேலை.

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு தாய்மீன். பெயர் மகாராணி. வயிறு முழுக்க முட்டை. ஆண்மீன்கள் பூஞ்சை நோயில் செத்துவிட்டன. ஆண்மீன் ஒன்று பிடித்துவரத்தான் அப்பாவும் சலேத் அத்தையும் நான்காம் துளைக்குப் போயிருக்கிறார்கள். அத்தை அப்பாவின் தங்கை, வண்டி ஓட்டுவது அவர்தான். அம்மா இல்லாத என்னை வளர்த்ததும் அவர்தான்.

திங்கள், மாலை 5:45

எல்லா நிலையங்களுக்கும் ஒரே அலைவரிசை. யார் பேசினாலும் எல்லோருக்கும் கேட்கும். மாலையில் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

அப்பா: "ஏட்டி பெர்னா, பயப்படாத. பனி பொளந்து வண்டி உள்ள போயிட்டு. நாங்க ரெண்டு பேரும் குடிசையிலதான் இருக்கோம். நல்லாத்தான் இருக்கோம்."

அத்தை: "சாப்பாடு வண்டியில இருந்துச்சு. அது மட்டும் நல்லா இல்ல."

குடியிருப்பின் வானொலி அறையிலிருந்து நூர்ஜகான் அக்கா: "வண்டி ஒண்ணு அனுப்புறோம் அண்ணே. விரிசலச் சுத்தி வரணும். பத்து நாளாவது பொறுங்க."

நடுவே விரிசல் என்பதால் நடந்தும் வர முடியாது. நான்காம் துளையின் குடிசையில் சூடேற்றி இருக்கிறது. தூண்டில் இருக்கிறது. கொண்டுபோன பாசி உருண்டையை எந்த மீனும் தொடவில்லையாம்.

செவ்வாய், காலை 7:00

முட்டையிடப் போகும் சால்மன் இரை தின்னாது. ஆனால் வேறு மீனின் முட்டையைக் கண்டால் கவ்வும். ஏன் என்று பாடப்புத்தகத்திலும் உறுதியாகச் சொல்லவில்லை.

அப்பா இதையே இரவெல்லாம் யோசித்திருக்கிறார். காலையில் சொன்னார்: "மகாராணிய அறுத்துரு. கறிய அனுப்பு. முட்டைய இரையாப் பக்குவம் பண்ணி அனுப்பு."

முட்டையெல்லாம் வீணாகிவிடுமே என்றேன்.

அப்பா: "ஆம்பள மீனு இல்லாம முட்டைய வச்சு என்னட்டி செய்ய? இன்னும் நாலு நாள்ல அதுவே தொட்டியில உதுத்துரும்."

கருவுறாத முட்டையை, நீர் படாமல், தாயின் உடல்நீரிலேயே குளிரில் வைத்தால் ஒரு வாரம்வரை கெடாது என்று படித்திருக்கிறேன். கொஞ்சம் எடுத்து வைக்கலாமா என்று கேட்டேன்.

அத்தை: "படிச்ச புள்ள சொல்லுது, கேளேன் அண்ணன்."

அப்பா: "ஒரு புட்டி. அதுக்கு மேல வேண்டாம். எங்களுக்கும் வயிறு இருக்கு."

செவ்வாய், மதியம் 1:30

முடித்துவிட்டேன். மகாராணி அதிகம் துடிக்கவில்லை. வயிற்றைத் திறந்ததும் முட்டைகள் தாமாகவே சரிந்து கிண்ணத்தில் விழுந்தன. ஒரு புட்டி மட்டும் எடுத்துக் குளிரில் வைத்தேன். ஒவ்வொன்றும் பட்டாணி அளவு, செம்மஞ்சள், உள்ளே எண்ணெய்த் துளிகள். விளக்கில் பிடித்தால் அடுத்த பக்கம் இருக்கும் என் விரல் தெரிகிறது. இவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை.

செவ்வாய், மாலை 6:10

பக்குவம் செய்யும் முறை, தெரியாதவர்களுக்காக:

பச்சை முட்டை தூண்டில் முள்ளில் நிற்காது, உடைந்துவிடும். தோல் இறுக வேண்டும். ஆனால் நீருக்குள் வாசனை மெல்ல மெல்லக் கசியவும் வேண்டும். உப்பு, சர்க்கரை, வெண்காரம் (போராக்ஸ்), நிறத்துக்குப் பீட்ரூட் தூள் எல்லாவற்றையும் கலந்து முட்டைமேல் தூவ வேண்டும். கரண்டி போடக்கூடாது. கிண்ணத்தை மெதுவாகச் சுழற்ற வேண்டும். சிறிது நேரத்தில் முட்டைகள் நீர் விட்டுச் சுருங்கிவிடும். பார்த்தால் எல்லாம் கெட்டுப்போனதுபோல இருக்கும். பொறுத்திருந்தால் விட்ட நீரையே திரும்பக் குடித்து, உப்போடும் நிறத்தோடும் மறுபடி உருண்டு நிற்கும். பிறகு வலைத்தட்டில் பரப்பி, விரலில் பிசுபிசுவென்று ஒட்டும் பதம் வரும்வரை உலர்த்த வேண்டும்.

தண்ணீர் மட்டும் படவே கூடாது. முட்டைப் பாத்திரங்களை எங்கள் நிலையத்தில் கழுவுவதே இல்லை, உலர்ந்த துணியால் துடைத்து வைப்போம். இதைத் தெரிந்தவளிடமே அப்பா மூன்று தடவை சொன்னார்.

அப்பா: "அலசிராதட்டி. அலசிராத. அலசினியா?"

அத்தை: "அவ உன்னைய அலசாம விட்டதே பெருசு. போய்ப் படு."

வியாழன், காலை 9:15

பழைய வடிகட்டித் துணியை வெட்டி, பத்துப் பத்து முட்டையாகச் சிறு பொட்டலம் கட்டினேன். கறியோடு சேர்த்துக் கம்பிப்பெட்டியில் ஏற்றினேன். இரண்டு துளைகளுக்கும் இடையே ஒரு கம்பி ஓடுகிறது. மீன் கொண்டுவரும் தகரப்பெட்டி அதில் தொங்கிப் போகும். அங்கே போவது இறக்கம், தானாகவே சரிந்து போய்விடும். எட்டுக் கிலோவுக்கு மேல் தாங்காது. ஆளை ஏற்ற முடியாது. நான் முயலலாமா என்று கேட்டதற்கு இரண்டு பேரும் சேர்ந்து திட்டினார்கள்.

வியாழன், மதியம் 12:40

பெட்டி போய்ச் சேர்ந்தது.

அத்தை: "ஏ பெர்னா, என்னட்டி இது, நகைக்கடையில வைக்கலாம் போல இருக்கு! ஒங்கப்பன் இத்தன வருசத்துல இப்படி ஒரு பக்குவம் பண்ணினதில்ல."

அப்பா: "கொஞ்சம் பதம் கூடிப் போச்சு."

அத்தை: "ஆமா, பொறாம. ஒன் மூஞ்சியப் பாத்தா மீனு வராது. தள்ளு, நான் போடுதேன்."

நான் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன்.

வெள்ளி, காலை 8:05

நூர்ஜகான் அக்கா: "அண்ணே... வண்டி திரும்பிருச்சு. விரிசல் அகலமாகிக்கிட்டே போகுது. நாலாம் துளைக்கு வழியே இல்ல. மன்னிச்சிருங்கண்ணே."

அப்பா, "சரிம்மா" என்றார்.

வெள்ளி, மதியம் 3:20

மீன் கவ்விவிட்டது. அத்தை கத்தியதில் ஒலிபெருக்கி கரகரத்தது. எலும்பும் தோலுமான மீனாம். வயிற்றில் என் பொட்டலத்தைத் தவிர ஒன்றுமே இல்லையாம்.

அப்புறம் அப்பாவின் குரல், யாரோ பக்கத்தில் தூங்குவதுபோலத் தாழ்வாக: "பெர்னா. ஆம்பள மீனு. வயித்த அமுக்கினா பால் பீச்சுது. அந்தப் புட்டி இருக்காட்டி?"

இருக்கிறது. பார்த்தேன். முட்டைகள் தெளிவாக இருக்கின்றன. ஆண்மீனின் பால் பட்டால்தான் அவை கருவுறும்.

வெள்ளி, மாலை 4:00

கம்பிப்பெட்டியை இங்கே இழுக்க வேண்டுமானால் அங்கே உள்ள மோட்டார் ஓட வேண்டும். மோட்டாருக்கும் குடிசையின் சூடேற்றிக்கும் ஒரே மின்கலம்தான். ஏற்றத்தில் இழுத்தால் மின்கலம் தீர்ந்துவிடும். வானொலிக்குத் தனிக் கலம் இருக்கிறது. சூட்டுக்கு இல்லை.

வேண்டாம் என்றேன். வேண்டாம் வேண்டாம் என்று பலமுறை சொன்னேன்.

அப்பா: "வண்டி வராதுன்னு சொல்லியாச்சு. சூட்ட வச்சுக்கிட்டா நாலு நாள் கூடுதலா இருப்போம். அவ்வளவுதானட்டி. இது முந்நூறு பேருக்கு. ஒனக்கும்."

அத்தை: "குளுரு எங்கள என்ன செய்யும்? ஒங்கப்பன் குறட்டை விட்டா குடிசையே சூடாயிரும்."

நூர்ஜகான் அக்கா அழும் சத்தம் கேட்டது.

வெள்ளி, இரவு 8:50

மோட்டார் நிற்கும்வரை பெட்டி வந்துகொண்டே இருந்தது. மீன்பால் ஒரு தேக்கரண்டி அளவு, குளிர்ந்தபடியே வந்து சேர்ந்தது. கிண்ணத்தைத் துடைத்தேன். முட்டைகளைக் கொட்டி, பாலை ஊற்றி, இறகால் மெதுவாகக் கலந்தேன். பிறகுதான் தண்ணீர் விட வேண்டும், விட்டேன். முட்டைகளைத் தட்டில் பரப்பி, ஓடும் நீரில் வைத்தேன்.

அவர்களிடம் சொன்னேன். இரண்டு பேரும் கைதட்டினார்கள். கையுறை போட்டுக்கொண்டு தட்டும் சத்தம்.

பெட்டியில் பாசி அடையும் என் போர்வையும் வைத்துத் திருப்பி அனுப்பினேன். பாதி வழியில் பனி நகர்ந்து கம்பி இறுகிவிட்டது. பெட்டி அங்கேயே தொங்குகிறது. சன்னல் வழியாகத் தெரிகிறது.

ஞாயிறு, காலை 6:30

செத்த முட்டை வெளுக்கும். உயிருள்ளது தெளிவாக இருக்கும். நேற்று மாலை சில வெளுத்திருந்தன. சில வெளுப்பது இயல்பு என்று புத்தகம் சொல்கிறது.

இன்று எல்லாம் வெள்ளை. தட்டு முழுக்க. வெள்ளைக் கோலிக்குண்டுகள் மாதிரி.

ஞாயிறு, காலை 7:10

காரணம் தெரிந்துவிட்டது. கிண்ணத்தின் விளிம்பை நாக்கால் தொட்டுப் பார்த்தேன். உப்பு. அதன் பின்னால் வெண்காரத்தின் கசப்பு. இரைக்குத் தூள் போட்ட அதே கிண்ணம். கழுவவே கூடாது என்று துடைத்தேன். பக்குவம் செய்த அன்று துடைத்த அதே துணியால் துடைத்தேன்.

கொல்லும் தூளைத்தான் நான் அவ்வளவு கவனமாகப் பூசியிருக்கிறேன்.

ஞாயிறு, காலை 8:00

அப்பா: "எப்படிட்டி இருக்கு நம்ம புள்ளைங்க?"

குரல் மாறியிருந்தது. வார்த்தைகளுக்கு நடுவே பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம்.

நான் சொன்னது: "ஒண்ணுகூட வெளுக்கலப்பா."

அப்பா: "ஒண்ணுகூடவா?"

நான்: "ஒண்ணுகூட."

அத்தை: "பாத்தியா அண்ணன். பதம் கூடிப்போச்சுன்னு சொன்னியே." பிறகு என்னிடம்: "முட்டைக்குள்ள குஞ்சு கண்ணு தெரியுதாட்டி?"

அப்பா: "ரெண்டு நாள்ல கண்ணு தெரியுமாக்கும். மக்கு."

அவர்கள் சிரித்தார்கள். அதற்காகத்தான் சொன்னேன்.

ஞாயிறு, காலை 8:25

ஒரே அலைவரிசை.

நூர்ஜகான் அக்கா: "பெர்னா கண்ணு, இங்க எல்லாரும் கேட்டுக்கிட்டு இருந்தோம். கூடத்துல ஒலிபெருக்கி போட்டிருந்தோம். சனம் ஒண்ண ஒண்ணு கட்டிப்பிடிச்சு அழுவுது. இனியும் ஒன்னைய தனியா விட மாட்டோம். மேற்கு வழியா ஒங்கிட்ட வரலாம், மூணு நாள் ஆவும். அஞ்சு பேரு வர்றோம், நானும் வர்றேன். கடைசி எரிபொருள். திரும்ப வர மிச்சம் இருக்காது, பரவால்ல. அங்கயே தங்கிக் குஞ்சுங்கள வளக்கலாம்."

அப்பா: "நல்லதும்மா. நல்லது."

ஞாயிறு, மதியம்

பாசித்தொட்டி ஒரு ஆளுக்குத்தான் போதும். ஐந்து பேர் இங்கே வந்தால் ஒரு வெள்ளைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். குடியிருப்புக்கோ எரிபொருளே இருக்காது.

வானொலிப் பொத்தானை அழுத்தி உண்மையைச் சொன்னால் போதும். ஆனால் அப்பாவுக்கும் அத்தைக்கும் கேட்கும்.

உண்மையைச் சொன்னால் எனக்காக யாரும் வரமாட்டார்கள் என்பதும் தெரியும். அதை யோசித்துப் பார்த்தேன். நான் வாய் திறக்காதது அதற்காக அல்ல என்றுதான் நினைக்கிறேன்.

திங்கள்

அத்தை காலையில் பேசவில்லை. தூங்குகிறாள் என்றார் அப்பா. மதியமும் தூங்குகிறாள் என்றார்.

பேச முடியாவிட்டால் பொத்தானை ஒரு தடவை அழுத்துகிறேன், 'கேக்கேன்'னு அர்த்தம் என்றார்.

அப்பா: "நீ பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே இரு. முட்டையப் பத்திச் சொல்லு."

புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, முட்டைக்குள் முதலில் என்ன உருவாகும், பிறகு என்ன உருவாகும் என்று வாசித்தேன். நம்முடையதில் தெரிவதாகச் சொன்னேன்.

டக்.

செவ்வாய், மாலை

வண்டி நேற்றே கிளம்பிவிட்டது. நூர்ஜகான் அக்கா வண்டியிலிருந்து பேசுகிறார். நாளை காலை ஆறு மணிக்குப் பனிமேட்டைத் தாண்டுவார்களாம். அதுவரை திரும்பிப் போக எரிபொருள் இருக்கும். தாண்டிவிட்டால் இருக்காது.

அக்கா: "குஞ்சுங்களுக்குப் பாத்திரம் எத்தன வேணும் கண்ணு?"

அப்பாவை அழைத்தேன்.

டக்.

இரண்டு பாத்திரம் போதும் என்றேன்.

புதன், அதிகாலை 4:40

நான் எதற்காக விழித்திருக்கிறேன் என்று எழுதிவிடுகிறேன். கண்டெடுப்பவர் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்து பேர் திரும்ப வேண்டுமானால் ஆறு மணிக்குள் அப்பா கேட்பதை நிறுத்த வேண்டும். அதற்காகக் காத்திருக்கிறேன்.

5:10

அழைத்தேன். பதில் இல்லை. பொத்தானில் விரலை வைத்தேன். "நூர்ஜகான் அக்கா" என்று ஆரம்பித்தேன்.

டக்.

5:35

டக்.

5:52

நீண்ட இடைவெளி. எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது, இப்போது என்று

டக்.

6:02

அக்கா: "மேட்டத் தாண்டியாச்சு கண்ணு! ஒங்க விளக்கு தெரியுமா இங்கேருந்து?"

அப்பா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.